கிண்டாத ஜம்பலாயா குறித்துப் பெரியப்பாவுக்கு

மதிப்பிற்குரிய பெரியப்பா ஆல்சிட் அவர்களுக்கு, உங்கள் தம்பி மகன் பிரென்னன் எழுதுவது.

நீங்கள் திடமாக இருக்கிறீர்கள் என்பதை, நேற்று மளிகைக்கடை வாசலில் என்னைக் கண்டதும் டிரக்கைப் பின்னுக்கு எடுத்து வளைத்துக்கொண்டு போன வேகத்திலேயே தெரிந்துகொண்டேன். பெரியம்மா வெர்னாவும் நலம்தான் போல. அவர் எனக்குக் கை ஆட்டப் போனதும், நீங்கள் அந்தக் கையைப் பிடித்து மடியில் வைத்ததும் கண்ணாடி வழியே தெரிந்தது. என் நலத்தை நீங்கள் கேட்கப்போவதில்லை என்பதால் நானே சொல்கிறேன்: நலமில்லை. இதைத்தான் காப்பீட்டுக்காரர்களும் நம்ப மறுக்கிறார்கள். கடிதம் அதற்காகத்தான், மன்னிப்புக் கேட்க அல்ல.

எனக்கு உங்களிடமிருந்து இரண்டு வரி வேண்டும். "தீயணைப்பு நிலையத்தில் எடுத்த படத்தில் பிரென்னன் கிண்டும் துடுப்பைப் பிடித்தது படத்துக்காக மட்டுமே. அவன் ஜம்பலாயாச் சோற்றைக் கிண்டவும் இல்லை, பானையைத் தூக்கவும் இல்லை." இதை எழுதிக் கையெழுத்துப் போட்டு வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் என் மருத்துவ விடுப்பு ரத்து. திங்கட்கிழமை காலை சர்க்கரை ஆலையில் போய் இரும்பு வால்வுகளைத் தூக்க வேண்டும், இல்லையென்றால் வேலையை விட வேண்டும். சின்னப் பால் கேனின் எடைக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது என்று என்னை அறுத்த மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

அறுவை சிகிச்சை பற்றி ஏன் முதலிலேயே உங்களிடம் சொல்லவில்லை என்று ஊர் முழுக்கக் கேட்டுக்கொண்டு திரிகிறீர்களாம். சொல்கிறேன். நான் ஆலையில் கருவி பார்க்கிறவன். அழுத்தமானி, நீர்மட்டமானி, வால்வு எல்லாம் உயரத்தில் இருக்கின்றன, ஏணி ஏறாமல் இந்த வேலை இல்லை. ஏறும்போது மாட்டிக்கொள்ளும் பாதுகாப்புப் பட்டை எவ்வளவு எடையைத் தாங்கும் என்று அதன்மேலேயே தைத்திருக்கிறது. என் எடை அதைத் தாண்டிவிட்டது. போன கரும்பு அரைவை முழுக்க மேற்பார்வையாளர் ரோலண்ட் என்னைத் தரையில் நிறுத்திவிட்டு, திருகாணியை எந்தப் பக்கம் திருப்புவது என்றே தெரியாத ஒருவனை மேலே அனுப்பினார். நான் கீழிருந்து கத்தினேன், அவன் மேலிருந்து "என்ன, என்ன" என்றான். இதற்கு மேல் சர்க்கரை நோய், தூக்கத்தில் நின்று நின்று வரும் மூச்சு. அப்பாவுக்கும் இதே மூச்சுதான். அவர் சவப்பெட்டியை ஆறு பேரால் தூக்க முடியாமல் எட்டுப் பேர் தூக்கியது நினைவிருக்கும், முன்பக்கம் பிடித்தவர் நீங்கள். ஆகவே அரைவை முடிந்ததும் அறுவை சிகிச்சைக்குப் போனேன். வயிற்றின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு வாழைப்பழம் போல ஒரு குழாயை மிச்சம் வைத்துத் தைத்தார்கள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என் சம்பளத்தில் பிடித்துவரும் குறுகியகால இயலாமைக் காப்பீடு இதற்குப் பொருந்தும் என்றார்கள், விடுப்பும் கிடைத்தது. விருந்துக்கு விருந்து என்னை "எங்க வீட்டு ரெண்டாவது ஃப்ரிட்ஜ்" என்று அறிமுகம் செய்கிற மனிதரிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது?

மார்டி கிரா திருவிழாவுக்கு முந்தின வாரம் நீங்கள் என் வீட்டுக்கு வந்தீர்கள். கையில் பன்றியிறைச்சியும் சோறும் அடைத்த பூடின், எண்ணெய் சொட்டும் பொட்டலத்தில்.

"சூடா இருக்கு, எடுத்துக்கடா."

"வேண்டாம் பெரியப்பா."

"ஒரு துண்டு."

"முடியாது பெரியப்பா. சூப்புத் தண்ணி மட்டும்தான்."

நீங்கள் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டீர்கள். பிறகு வெளியே போய்ப் பெரியம்மாவிடம் பேசினீர்கள். என் வீடு தகர வீடு, சுவர் இருந்தும் இல்லாத மாதிரி.

"வெர்னா, பையன் நமக்கில்ல. பூடினை வேண்டாங்கிறான்."

"என்ன நோயாம்?"

"வாயத் தொறக்கமாட்டேங்கிறான். வாயத் தொறக்காத நோய் எதுன்னு உனக்குத் தெரியாதா?"

நம் பாயூ ஓடை ஓரத்தில் ஒருவன் பூடினை மறுத்தால் அடுத்து பாதிரியாரைத்தான் கூப்பிடுவார்கள். நீங்கள் அதற்கும் ஒருபடி மேலே போய் எனக்காக உதவி விருந்து ஏற்பாடு செய்தீர்கள். ஒருவனுக்குப் பெரிய நோய் வந்தால் ஊரே கூடி ஜம்பலாயா ஆக்கித் தட்டுத் தட்டாக விற்பது நம் வழக்கம், நல்ல வழக்கம், நானும் எத்தனையோ பேருக்காகத் தின்றிருக்கிறேன். ஆனால் வயிற்றைத் தைத்துக்கொண்டு வந்தவனுக்காகப் பன்றிக்கறிச் சோறு ஆக்கியது உலகத்திலேயே நீங்கள் ஒருவர்தான். பெட்ரோல் போடும் இடத்தில் என் முகம், முடிதிருத்தும் கடையில் என் முகம், போதாததற்கு விற்பனைக்கு அடித்த ஊதா நிறச் சட்டையில் என் முகம், அதுவும் பழைய முகம், கன்னம் இரண்டும் தோள்வரை வந்த முகம். நிறுத்தச் சொல்லத் தொலைபேசியில் அழைத்தேன். "பேசாதடா, மூச்ச மிச்சம் வையி" என்று வைத்துவிட்டீர்கள். திரும்ப அழைத்தேன். பெரியம்மா எடுத்து அழுதார்.

விருந்தன்று நான் தீயணைப்பு நிலையத்துக்கு வந்ததே இதை நேரில் சொல்லி முடிக்கத்தான். வந்து இறங்கியதும் சொல்லவிட்டீர்களா? தோளில் கை போட்டுப் புகைக்கு நடுவே இழுத்துப் போனீர்கள். படகே ஓட்டலாம் போன்ற ஒரு துடுப்பை என் கையில் திணித்தீர்கள்.

"தூக்கக் கூடாது பெரியப்பா, தையல் இருக்கு."

"யாரு தூக்கச் சொன்னா? சும்மா பிடி. படத்துக்கு. சனங்க பாத்தா இன்னும் ரெண்டு தட்டு சேத்து வாங்குவாங்க."

பிடித்தேன். எடுத்தீர்கள். எடுத்த கையோடு, "கட்டிலை விட்டு எழுந்து வந்து தானே பானையைக் கிண்டிய வீரன், எங்கள் பிரென்னன்" என்று எழுதி இணையத்தில் போட்டு ஊருக்கெல்லாம் அனுப்பினீர்கள். அதோடு நிற்காமல் ஒலிவாங்கியைப் பிடித்து, புற்றுநோயோடு மல்லுக்கட்டும் என் தம்பி மகன் என்று ஆரம்பித்தீர்கள். அதற்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை. கருவி தப்பாகக் காட்டினால் திருத்துவதுதான் என் வேலை. ஒலிவாங்கியைப் பிடுங்கி, "எனக்குப் புற்றுநோய் இல்ல. எடை குறைய வயித்த வெட்டியிருக்கேன். அவ்வளவுதான்" என்றேன். கரண்டிகள் அப்படியே நின்றன. முதலில் பேசியது வரிசையில் தட்டோடு நின்ற ஒருவர்தான்: "அப்ப நான் இத யாருக்காகத் தின்னுக்கிட்டிருக்கேன்?"

பிறகு ஒவ்வொருவராக. "வாய மூடினா எளைக்கப்போறான், இதுக்குக் கத்தி எதுக்கு?" "கத்தி கெடக்கட்டும், இதுக்கு லீவு வேற குடுக்கிறானாம்." "எனக்கு முட்டி போச்சு, ஒரு நாள் லீவு கேட்டேன், குடுக்கல. நாளைலேருந்து நானும் திங்கிறேன், கொழுத்ததும் எழுதிக் குடுங்க." சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள், பெரியப்பா. புற்றுநோய் என்றபோது அழுதவர், உயிரோடுதான் இருப்பேன் என்றபோது சிரித்தீர்கள். வசூல் முழுதையும் தீயணைப்பு நிலையத்துக்கே கொடுக்கச் சொல்லிவிட்டு வந்தேன், அதில் ஒரு காசு என்னிடம் இல்லை. ஊதாச் சட்டைகளை மட்டும் நீங்கள் படகு துடைக்க வைத்துக்கொண்டதாகக் கேள்வி.

இரண்டு நாள் கழித்துக் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து மிஸ் ட்வைலா என்ற நர்ஸ் அழைத்தார். குரலில் தேன்.

"மிஸ்டர் ஆர்சினோ, இப்ப எப்படி இருக்கீங்க? எதாவது தூக்க முடியுதா?"

"இல்லம்மா."

"அப்ப இந்தப் படத்துல ஊருக்கே சோறு கிண்டுறது யாரு?"

படத்துக்காகப் பிடித்தேன் என்றேன். "வீரன்னு போட்டிருக்கே" என்றார். போட்டது என் பெரியப்பா என்றேன். "அப்ப அவர்கிட்ட எழுதி வாங்கிக்கிட்டு வாங்க. இது நீங்களா விரும்பிச் செஞ்சுக்கிட்ட ஆபரேஷன், அதனால கொஞ்சம் கூர்ந்து பாக்கச் சொல்லியிருக்காங்க" என்றார். விரும்பி. நான் விரும்பியது கிராக்லின், பொரித்த பன்றித்தோல், அம்மா. வயிற்றை வெட்டிக்கொள்வதை யாரும் விரும்புவதில்லை என்று சொன்னேன். அதைக் குறித்துக்கொள்கிறேன் என்றார்.

இவ்வளவுதான் விஷயம். என்னைப் பிடிக்காவிட்டால் போகிறது, நடந்ததை நடந்தபடி எழுத என்னைப் பிடிக்க வேண்டியதில்லை. நான் பொய் சொல்லவில்லை, உங்களையும் சொல்லச் சொல்லவில்லை. நான் கிண்டவில்லை, தூக்கவில்லை, அது உங்களுக்கும் தெரியும்.

பெரியம்மாவுக்கு என் அன்பு, அவர் கை மடியிலிருந்து விடுபட்டிருந்தால். உங்கள் கரும்புக்கு நல்ல மழையும், படகு மோட்டாருக்கு நல்ல காலமும், உங்கள் இரத்த அழுத்தத்துக்கு நல்ல புத்தியும் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
பிரென்னன் ஆர்சினோ

பின்குறிப்பு: இதை மருத்துவமனைக் கட்டிலில் இருந்து எழுதுகிறேன். உறையை ஒட்டப் போகும்போது ரோலண்ட் அழைத்தார். கொதிகலன் சோதனையில் நீர்மட்டமானி ஏதோ காட்டுகிறதாம், தொலைபேசியிலேயே சொல்லிக்கொடுத்தேன், அந்தத் திருகாணிக்காரன் மறுபடியும் "என்ன, என்ன" என்றான். பொறுக்காமல் கிளம்பிப் போய்விட்டேன். போன இடத்தில் வால்வை ஒழுங்காகப் பிடிக்கவும் அவனுக்குத் தெரியவில்லை, பிடுங்கி நானே தூக்கினேன். தையல் பக்கத்தில் முட்டை போல ஒன்று வெளியே வந்தது. குடலிறக்கம் என்கிறார்கள், நாளை மறுபடி கத்தி. மிஸ் ட்வைலாவிடம் சொன்னேன். "அய்யோ, குடலிறக்கமா, எவ்வளவு வலிக்கும்" என்று உருகிவிட்டார், இதற்கென்றால் விடுப்பு தாராளமாக உண்டாம். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: வேலை செய்யும் இடத்தில் நடந்ததா? அங்கே நடந்தால் அவர்கள் கணக்கில் வராது. கட்டில் பக்கத்தில் நின்ற ரோலண்டுக்கு முகம் வெளுத்துவிட்டது, விடுப்பில் இருப்பவனை வேலைக்குக் கூப்பிட்டது தெரிந்தால் அவர் வேலையும் போகும். எனவே, இல்லை, உதவி விருந்தில் பானை தூக்கியபோது பிடித்துக்கொண்டது, இப்போதுதான் வெளியே வந்தது என்று சொல்லிவிட்டேன். அந்த இரண்டு வரியை ஏற்கெனவே எழுதியிருந்தால் கிழித்துப் போடுங்கள். பிரென்னன் கிண்டினான், பானையையும் தூக்கினான் என்று எழுதுங்கள். தனியாகத் தூக்கினான் என்று எழுதுங்கள், நீங்கள் ஒரு பக்கம் பிடித்ததாகப் பெருமைக்கு எழுதினால் உங்களையும் கூப்பிட்டு விசாரிப்பார்கள்.