அரபாப்பின் துப்பாக்கியும் சுகிர்தராணியின் ஈயமும்

ஷார்ஜாவில் துப்பாக்கி சுடும் கிளப் ஒன்றில் மெக்கானிக்காக இருந்த மரியராஜ், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பெரிய சபதம் செய்தான். இந்த ஒரு காரியத்தில் மட்டும் பெண்டாட்டி பேச்சைக் கேட்பதில்லை!

காரியம் இதுதான். கிளப் முதலாளியான அரபாப்பிடம் அவர் தாத்தா காலத்துத் துப்பாக்கி ஒன்று இருந்தது. வாய்வழியே வெடிமருந்து கெட்டித்து, குண்டைக் குச்சியால் இடித்து இறக்குகிற ரகம். வெள்ளிக்கிழமை போட்டிக்கு அதற்கு ஈயக்குண்டு வார்க்க வேண்டும். டயர் கடையில், சக்கரம் ஆடாமல் ஓட விளிம்பில் அடிக்கிற ஈயக்கட்டிகளை மரியராஜ் பை நிறைய அள்ளி வந்தான்.

"இது கலப்பு ஈயம்லா? கல்லு மாதிரி இருக்கும். சுத்த ஈயம் வாங்குங்க," என்றாள் அவன் பெண்டாட்டி சுகிர்தராணி. கிளினிக்கில் நர்ஸ்தான், ஆனால் குளச்சலில் மீன்வலைக்கு ஈயக்குண்டு வார்த்தவரின் மகள்.

"துப்பாக்கிக் குண்டு கல்லு மாதிரிதான் இருக்கணும். அல்வா மாதிரி இருந்தா மான் தின்னுட்டுப் போயிரும்."

"குழாய்க்குள்ள புரி ஓடுதுல்லா? அதுல மெத்துன்னு பதிஞ்சு இறங்கணும். கலப்பு ஈயம் ஆறினாலும் ரொம்பச் சுருங்காது. மாட்டிக்கிடும்."

"நான் மெக்கானிக்கா, நீ மெக்கானிக்கா?"

"பந்தயம் வைப்பமா? நான் ஜெயிச்சா எங்க அம்மை விசிட் விசால வந்து மூணு மாசம் இருப்பா."

மரியராஜ் அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தான். ஒற்றை அறை வீடு. மாமியார் குறட்டை விட்டால் பக்கத்து பில்டிங்கில் லிஃப்ட் நின்றுவிடும். ஆனாலும் வீரன் பின்வாங்குவானா? "சரி!"

மறுநாள் பட்டறையில் வார்த்தான். குண்டுகள் பளபளத்தன. குழாயில் வைத்து இடித்தான், கெஞ்சினான், அந்தோணியாரைக் கூப்பிட்டான். ஒரு விரல்கடை இறங்கவில்லை.

எல்லாருக்கும் அண்ணனான மூசாவின் பழைய இரும்புக் கடைக்கு ஓடினான். "காக்கா, சுத்த ஈயம் வேணும். சுகிர்தாவுக்குத் தெரியக்கூடாது."

மூசா ஒன்றும் கேட்காமல் ஒரு தகட்டுச் சுருளை எடுத்துக் கொடுத்தார்.

அது உருகியபோது மரியராஜ் மூச்சுவிட மறந்தான். சட்டிக்குள் நிலா கரைந்து கிடந்தது. அதில் வார்த்த குண்டு, தொட்டிலில் பிள்ளையைக் கிடத்துவதுபோலக் குழாய்க்குள் இறங்கியது. வெள்ளிக்கிழமை அரபாப் சுட்டார். இலக்கின் நட்டநடுவில் ஓட்டை. "யா சலாம்!" என்று கிளப்பே வாய்பிளந்தது.

வீட்டுக்கு வந்தவன் மார்பை நிமிர்த்தினான். "பாத்தியா? என் டயர் ஈயம்தான் ஜெயிச்சுது!"

அவன் சட்டைப் பையிலிருந்த மிச்சக் குண்டை எடுத்து, சுகிர்தராணி நகத்தால் அழுத்தினாள். பிறை மாதிரி பள்ளம் விழுந்தது.

"டயர் ஈயத்துல நகம் ஏறாது."

"அது... வெயில்ல இளகியிருக்கும்."

"எங்க கிளினிக்குல பழைய எக்ஸ்ரே ரூமை இடிச்சாவ. கதிரு வெளிய போகாம சுவத்துல அடிச்சிருந்த ஈயத்தகட்டைக் கேட்டு வாங்கி, செவ்வாய்க்கிழமையே மூசா காக்கா கடையில வச்சது நான்தான். 'புதன்கிழமை வருவாரு, ஒண்ணும் கேக்காம குடுங்க'ன்னு சொல்லிட்டு வந்தேன்."

"புதன்கிழமைன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"வியாழக்கிழமை வரைக்கும் தாங்குற ஆளா நீங்க?"

மரியராஜ் அவளையே பார்த்து நின்றான். மாதா சொரூபத்தின் முன்கூட அவன் அப்படி நின்றதில்லை.

"ஊரு பூரா டயர் ஈயம்னே சொல்லிக்கிடுங்க. இப்பம் கைய சோப்பு போட்டுக் கழுவிட்டு வந்து கையெழுத்துப் போடுங்க. அம்மைக்க விசாப் பேப்பர்ல ஈயம் படக்கூடாது."

மரியராஜ் கழுவினான். இரண்டு தடவை.