கிளென் ஈடன் மறியலில் ஒரு புரட்டாதிச் சனி

த்ரீ கிங்ஸ், ஒக்லாந்து
3-10-1988, திங்கட்கிழமை

பாசமுள்ள மருமகன் மகேசனுக்கு,

உன் அம்மாவின் தம்பி சோதிலிங்கம் எழுதுவது. நானும் மகள் உஷாவும் சுகமாக இருக்கிறோம். என் இடது முழங்காலை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதே. நீ வெலிங்டனில் தேகசுகத்துடனும், முக்கியமாகக் கம்பளிச் சட்டையுடனும் இருக்க நல்லூரானை வேண்டுகிறேன். இதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ "ஓம் மாமா, ஓம் மாமா" என்று இரண்டுதரம் சொன்னால் நான் சொன்னது ஒன்றும் காதில் ஏறவில்லை என்று அர்த்தம். கடிதத்துக்கு அப்படி ஓம் போட ஏலாது.

முப்பது வருடத்துக்கு முன் ஒரு பிள்ளை என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். தொட்டிக் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஒரு குழாய் தொட்டியை நாலு மணித்தியாலத்தில் நிரப்பும், இன்னொரு குழாய் ஆறு மணித்தியாலத்தில் வெறுமையாக்கும், இரண்டையும் ஒன்றாகத் திறந்துவிட்டால் எப்போது நிரம்பும்? செல்வநாயகி எழுந்து, "சேர், தொட்டிக்காரருக்குத் தொட்டி நிரம்பினால் லாபமோ, வெறுமையானால் லாபமோ?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. நான் விடை பன்னிரண்டு மணித்தியாலம் என்று சொல்லி அவளை இருத்திவிட்டேன். கணக்குப் போடத் தொடங்குமுன் கேட்க வேண்டிய கேள்வியை அந்தப் பிள்ளை கேட்டிருக்கிறாள் என்பது நேற்று முன்தினம்தான் எனக்கு விளங்கியது.

நீ சேரப்போகிற கம்பனியைப் பற்றி நான் விளங்கிக்கொண்டதை எழுதுகிறேன், பிழையிருந்தால் திருத்து. அரசாங்கம் மறியற்சாலைகளைத் தானே நடத்துவதா, தனியாரிடம் ஒப்பந்தத்துக்குக் கொடுப்பதா என்று இன்னும் தீர்மானிக்கவில்லை. கொடுத்தால் வாங்குவதற்கு உங்கள் திரு. ஹட்சன் இப்போதே ஆயத்தம் செய்கிறார். வழக்குக்குக் காத்திருக்கும் விளக்கமறியல்காரரை அவர் தன் கட்டடத்தில் வைத்திருப்பார், அரசாங்கம் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று கொடுக்கும். கட்டடத்துக்கு ஒருவர், பூட்டுக்கு ஒருவர், சாப்பாட்டுக்கு ஒருவர் என்று அவர் அதைத் துண்டு துண்டாகப் பிரித்து வேறு ஒப்பந்தக்காரருக்குக் கொடுப்பார். இவையெல்லாவற்றுக்கும் முகாமையாளராக நீ வருகிற வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடப்போகிறாய். நீ இருந்த இலாகாவைக் கம்பனியாக்கி உன்னை வீட்டுக்கு அனுப்பிப் பத்து மாதம். நீ விண்ணப்பக் கடிதங்களைத் தபாற்பெட்டிக்குள் போடுவதையும், பிறகு பெட்டி வாயைத் திறந்து உள்ளே போனதா என்று பார்ப்பதையும் நான் கண்டிருக்கிறேன். ஆகையால் இந்தக் கடிதத்தை நான் இலேசாக எழுதவில்லை.

வியாழக்கிழமை நீ வெலிங்டனுக்குப் புறப்படும்போது, "மாமா, சனிக்கிழமை ஒத்திகைக்குக் கைதிகளாக நடிக்கப் பன்னிரண்டு பேர் வேணும், எங்கட ஆக்களைக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்றாய். கூட்டிக்கொண்டு போனேன். அந்த நாள் புரட்டாதிச் சனி என்பதை நீயும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. கிளென் ஈடனில் ஹட்சன் வாடகைக்கு எடுத்திருக்கும் பழைய தாதிமார் விடுதிக்குக் காலை ஒன்பதரைக்கு நாங்கள் போய் இறங்கியபோது, பன்னிரண்டு கைதிகளும் சாப்பாட்டுப் பெட்டியுடன் வந்திருந்தார்கள். சனி விரதகாரர் வெளிச்சாப்பாடு சாப்பிடுவார்களா? ஒப்பந்தக்காரர் கொண்டுவந்தது பன்றியிறைச்சி வைத்த பாண். ஹட்சன் எங்கள் உடைமைகளைப் பதிவுசெய்தார். பன்னிரண்டு சாப்பாட்டுப் பெட்டி, நாலு விபூதிப் பை, ஒரு பாய். பாய் போஸ்ட்மாஸ்டர் நவரத்தினத்தாருடையது. மறியல் என்றால் நிலத்தில் படுக்கவேண்டி வரும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

காவலாளி யார் என்றால் நம்முடைய பற்றிக். மன்னார்ப் பற்றிக்கை உனக்குத் தெரியும்தானே, வயரிங் வேலை செய்கிறவர், இரண்டு குளிர்காலமாக வேலை ஒழுங்காக இல்லை. ஒத்திகை நன்றாக நடந்தால் நிரந்தர வேலை என்று ஹட்சன் சொல்லியிருந்தார். தோளில் பட்டி வைத்த நீலச் சட்டை போட்டு, சாவிகள் கோர்த்த திறப்புக்கோர்வையை இடுப்பில் தொங்கவிட்டு, எங்களைக் கண்டதும் வழக்கம்போல் வணக்கம் சொல்லப்போய், பிறகு நினைவு வந்து கையைக் கீழே போட்டார். பத்தரைக்கு ஆளுக்கோர் அறையில் எங்களைப் பூட்டினார். பூட்டும்போது ஒவ்வொரு கதவிலும் "மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றார். எனக்குக் கிடைத்தது நடைபாதைக் கடைசியில் பன்னிரண்டாவது அறை. கட்டில் நல்ல கட்டில். காலையில் போட்ட சலரோகக் குளிசையின், அந்தச் சீனிக் குளிசையின், அசதியோ என்னவோ, நான் சற்றுக் கண்ணயர்ந்துவிட்டேன்.

பதினொன்றரைக்குச் சாப்பாட்டு மணி. பற்றிக் உடைமை அறையிலிருந்து ஒவ்வொரு பெட்டியாக எடுத்துவந்து, முதலாம் அறையிலிருந்து திறந்து கொடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். பதினொராவது அறையில் நவரத்தினத்தார் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து எள்ளுச்சோறு ஒரு பிடி எடுத்து வைத்துக்கொண்டு நின்றார். நான் சுவருக்கு இந்தப் பக்கம் அரை நித்திரையில் கேட்டது இது.

"தம்பி, வெளிக் கதவை ஒருக்காத் திறவும். காகத்துக்கு வைக்கவேணும்."

"ஐயா, இது மறியல்."

"ஓம், மறியல்தான். அது சனீஸ்வரனுக்குத் தெரியுமே? காகத்துக்கு வைக்காமல் நான் வாயில தண்ணியும் வைக்கமாட்டன்."

"இந்த ஊரில காகம் எங்க ஐயா இருக்கு?"

"கடற்காகம் இருக்குத்தானே. பேரில காகம் இருந்தால் காணும்."

பற்றிக் பிறப்பிலேயே கத்தோலிக்கர், வயது போனவர் விரதத்தோடு கேட்டதை மறுக்கும் மனம் அவரிடம் இல்லை. திறப்புக்கோர்வை பதினொராவது கதவிலேயே தொங்க, ஐந்து நிமிடம் என்று சொல்லி அவரை வாசலுக்குக் கூட்டிப்போனார். ஒரு விரதகாரர் போனால் மற்றவர் இருப்பாரா? தங்கள் தங்கள் பிடி சோற்றுடன் எல்லோரும் பின்னால் போனார்கள். விரதம் இல்லாத இரண்டு பேரும் வேடிக்கை பார்க்கப் போனார்கள். கடைசி ஆள் வெளியே கால் வைத்ததும், ஹட்சன் புதிதாகப் பூட்டுவித்த அந்தப் பெரிய கதவு, அதன் வேலையை அது ஒழுங்காகச் செய்து, தானாகப் பூட்டிக்கொண்டது. பதினொரு கைதிகளும் காவலாளியும் வெளியே, திறப்பெல்லாம் உள்ளே, பன்னிரண்டாவது அறையில் நான்.

சரியாகப் பன்னிரண்டு மணிக்கு ஹட்சன் காரில் வந்தார். கூட இரண்டு பேர், ஒருவர் முதல் போட யோசிப்பவர், மற்றவர் அரசாங்கச் சிறையில் முப்பது வருடம் வேலை பார்த்து இளைப்பாறியவர். அவர்கள் கண்டது, மறியற்சாலையின் முன் புல்தரையில் கைதிகள் பதினொரு பேரும் சோற்றை வீசிக் "கா, கா" என்று கூப்பிட, மேலே நாற்பது கடற்காகம் சுற்ற, காவலாளி நடுவில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்ற காட்சி. நவரத்தினத்தார் முன்னால் போய் மூவரையும் வரவேற்று, சாப்பிட்டீர்களா என்று விசாரித்தாராம்.

இதுவரை நீ சிரித்திருப்பாய். நானும் இந்த இடம் வரை சிரித்துக்கொண்டுதான் எழுதினேன்.

என் அறை யன்னல் திறக்காத யன்னல். தடித்த கண்ணாடி, வெளியே புதுக் கம்பி. நான் எழும்பியபோது எனக்கு வியர்த்துக்கொண்டிருந்தது. குளிசை போட்டு ஐந்து மணித்தியாலம், காலையிலும் வெறும் தேத்தண்ணிதான். என் சாப்பாட்டுப் பெட்டி மட்டும் இன்னும் உடைமை அறையில். சீனி இறங்குகிறது என்று விளங்கியது. மூன்று அடி தூரத்தில் கண்ணாடிக்கு அப்பால் பறவைகள் எள்ளுச்சோறு தின்றன. மணியை அமத்தினேன், அது எங்கோ வெறும் மேசையில் அடித்தது. கண்ணாடியில் தட்டினேன். பற்றிக்கின் மனைவி சிசிலியா எல்லோருக்கும் தேத்தண்ணி கொண்டுவந்தவள், என் முகத்தைக் கண்டாள். அதற்குப் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.

ஹட்சனிடம் வெளிக்கதவுத் திறப்பு இல்லை. பூட்டுக்காரக் கம்பனிதான் மேலதிகத் திறப்பை வைத்திருக்க வேண்டும் என்று ஒப்பந்தம். அவர் மூலையிலுள்ள டெய்ரிக் கடைக்கு ஓடிப்போய்த் தொலைபேசி எடுத்தார். பாபகூராவில் இருக்கும் பூட்டுக்காரர் சனிக்கிழமை வேலை இல்லை. கதவை உடைக்கலாமா என்றால் கதவு கட்டடக்காரருடையது, அவர் படகில் மீன் பிடிக்கப் போய்விட்டார். கம்பியை அறுக்கலாமா என்றால் கம்பி வேறு ஒப்பந்தம், அறுத்தால் உத்தரவாதம் போய்விடும். சாப்பாட்டுக்காரரைக் கேட்டால், பன்னிரண்டு சாப்பாடு வாசலில் கொடுத்தாயிற்று, ஆளின் வாய்க்குப் போய்ச் சேருவது தன் பொறுப்பல்ல என்றாராம். பிள்ளை, இதில் ஒருவரும் பொய் சொல்லவில்லை, ஒருவரும் கெட்டவருமில்லை. ஹட்சனின் முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப்போய் இருந்தது என்று சிசிலியா சொன்னாள். ஆனால் அந்த மனுசன் கார் மூடியில் ஒப்பந்தக் கோவையை விரித்துப் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டு நின்றார். இளைப்பாறிய சிறை உத்தியோகத்தர் அவரிடம் ஒன்று கேட்டார். தங்கள் காலத்திலும் கைதிகளை மறந்த நாட்கள் உண்டு, அடித்த நாட்களும் உண்டு, தான் அதை மறைக்கவில்லை, ஆனால் உள்ளே இருக்கிறவர் உயிரோடு இருக்கிறாரா என்று வந்து பார்ப்பது இந்தக் கோவையில் யாருடைய வேலை என்று கேட்டார். ஹட்சன் இன்னொரு பக்கம் புரட்டினார். பிறகு, பன்னிரண்டு பேர் உள்ளே வந்ததாகக் கையெழுத்து இருக்கிறபடியால், வெளியே போகக் கையெழுத்து இல்லாதவரை பன்னிரண்டு பேரும் உள்ளே இருப்பதாகத்தான் கணக்கு என்றார். புல்தரையில் நின்ற பதினொரு பேரும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

நான் கட்டிலில் இருந்து உன் அண்ணனை நினைத்தேன். எண்பத்து நாலில் ஆமி அவனைக் கொண்டுபோய் முகாமில் பதினாலு மாதம் வைத்திருந்தபோது, அக்கா திங்கட்கிழமை தவறாமல் வாசலில் போய் நின்றாள். அவன்களை நான் நல்லவன்கள் என்று சொல்லவரவில்லை, அது உனக்குத் தெரியும். ஆனால் அவளுக்குத் திட்டுவதற்கு ஒரு முகம் இருந்தது. அந்த அதிகாரியின் பெயர் தெரியும், அவனுக்கு மேலே இருந்தவன் பெயர் தெரியும், எல்லோருக்கும் மேலே அரசாங்கம் என்று ஒன்று இருந்தது. நாற்பத்தொரு கடிதம் எழுதினோம். ஆங்கிலம் என்னுடையது, கோபம் அவளுடையது. நாற்பத்தொராவது கடிதத்துக்குப் பதில் வந்தது, பிறகு அவனும் வந்தான். அந்த முகாமைத் துண்டு துண்டாகக் கம்பனிகளுக்குக் கொடுத்திருந்தால் அக்கா யாருக்கு எழுதியிருப்பாள்? பூட்டுக்காரருக்கா, பாண்காரருக்கா? ஒவ்வொருவரும் மரியாதையாகப் பதில் எழுதியிருப்பார்கள். உன் அண்ணன் உள்ளேயே இருந்திருப்பான்.

ஒரு மணி இருபதுக்குப் பற்றிக் தன் வானிலிருந்து சில்லுக் கழற்றும் கம்பியை எடுத்துக்கொண்டு வந்தார். ஹட்சன் கையைக் குறுக்கே நீட்டி, கதவைத் தொட்டால் வேலை இல்லை என்றார். பற்றிக் தோள்பட்டியைக் கழற்றி அவர் கோவைக்கு மேல் வைத்தார். "உள்ள இருக்கிறது மாஸ்டர்" என்று மட்டும் தமிழில் சொன்னாராம். கதவு நாலாவது நெம்பலில் விட்டது. சிசிலியா சீனித் தேத்தண்ணியை என் வாயில் வைத்துப் பருக்கியபோது நான் அவளை உஷா என்று கூப்பிட்டேனாம். ஹட்சனும் டெய்ரியில் தன் காசில் இனிப்புச் சோடா வாங்கிவந்து கதவடியில் வைத்துவிட்டு, கண் கலங்கி நின்றார். இருந்தாலும் பற்றிக்குக்கு வேலை இல்லை. கதவுக்கான கட்டணமும் அவர் பேரில்.

ஆகையால் என் முடிவு இது. கையெழுத்துப் போடாதே. ஆளை உள்ளே வைப்பதற்கு அவர்களிடம் ஆறு ஒப்பந்தம் இருக்கிறது, வெளியே விடுவதற்கு ஒன்றும் இல்லை. நாளைக்கு உள்ளே இருப்பவர் மாஸ்டராக இருக்கமாட்டார். இருபது வயது மாவோரிப் பிள்ளையாக இருப்பார். அவருக்காகக் கதவு உடைக்கப் புல்தரையில் ஒருவரும் நிற்கமாட்டார்கள். அந்தக் கட்டடத்துக்கு முகாமையாளர் என்று உன் பெயர் இருக்கவேண்டாம். வேறு வேலை வரும். வரும்வரை உஷா வீட்டில் ஓர் அறையும் என் ஓய்வூதியமும் இருக்கின்றன, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

குளிரில் காதை மூடிக்கொண்டு திரி. ஆண்டவன் உன்னையும் உன் மனைவி வசந்தமலரையும் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு
உன் நன்மையை நாடும் மாமா
சோ.

பி.கு: மேலே எழுதியதைத் தபாலில் போட வைத்திருந்தேன். வசந்தமலர் ஒக்லாந்தில் தன் வேலை முடிந்து இங்கே வந்தாள், கேளாமலே எடுத்து வாசித்தாள். வாசித்து முடித்துக் கடிதத்தை மடித்து என் முன்னால் வைத்தாள். பிறகு, "மாமா, நீங்கள் எழுதினது முழுக்கச் சரி. ஆனா இவர் மாட்டன் எண்டால் அந்த முகாமையாளர் கதிரை வெறுமையா இருக்குமோ? நடந்த ஒண்டும் தெரியாத ஒருத்தன் வந்து இருப்பான். அவனுக்கு நீங்கள் கடிதம் எழுதுவியளோ?" என்றாள். முப்பத்தைந்து வருடம் படிப்பித்த நான் இந்தக் கேள்வியையும் கணக்குப் போடுமுன் கேட்கவில்லை. ஆகையால் கையெழுத்துப் போடாதே என்று எழுதியதை அழித்ததாக எண்ணிக்கொள். போடு என்றும் நான் சொல்லவில்லை.

ஒரேயொரு காரியம் செய்து பார். வெள்ளிக்கிழமைக்கு முன் கதவைச் சாத்திக்கொண்டு இருந்து, ஒப்பந்தம் முழுவதையும் வாசி. உள்ளே இருக்கிற ஆளுக்கு நோய் வருத்தம் வந்தால், எவரையும் கேளாமல் கதவைத் திறக்க வேண்டியவர் இன்னார் என்று எழுதியிருக்கிற வரியைத் தேடு. இருந்தால் அதன்கீழ்க் கோடு போடு. இல்லாவிட்டால் உன் கையாலேயே அந்த வரியை எழுதி, அதில் உன் பெயரைப் போட்டு, ஹட்சனிடம் நீட்டி, முதலில் அவரைக் கையெழுத்துப் போடச் சொல்.