தங்கச்சி கல்யாணமும் இரண்டு டிபி பென்டிரைவும்

கம்ப்யூட்டர் திரையில் வருவதெல்லாம் கம்ப்யூட்டர் சரிபார்த்துச் சொல்வது என்று நம்புகிறவர்கள் நாட்டில் நிறையப் பேர். அந்தச் சங்கத்துக்கு நான்தான் தலைவர். (போட்டியின்றித் தேர்வு.)

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் கம்ப்யூட்டர் படித்தவன். அதனால் தங்கை சுமதியின் கல்யாண வீடியோவை வாங்கிவரும் வேலை என் தலையில் விழுந்தது. போட்டோகிராபர் போனில் சொன்னார்.

"பெரிய ஹார்ட் டிஸ்க்கா எத்துக்கினு வா தலைவா. அடுத்த முகூர்த்தம் வந்துக்கினு கீது, இந்த வாரத்தோட சிஸ்டத்துல அழிச்சிடுவேன்."

ஹார்ட் டிஸ்க் விலை பயமுறுத்தியது. ஆன்லைனில் இரண்டு டிபி பென்டிரைவ் அற்ப விலைக்குக் கிடைத்தது. என் சாமர்த்தியத்தை நினைத்து எனக்கே புல்லரித்தது.

"இத்தினிக்கோண்டு கீது, அம்மாம் வீடியோ புடிக்குமா?" என்றார் போட்டோகிராபர்.

"பிராப்பர்ட்டீஸ் போய்ப் பாருங்க."

போனார். அழகான வட்டம் ஒன்று வந்தது. மொத்தம் இரண்டு டிபி, அத்தனையும் காலி. "கம்ப்யூட்டரே சொல்லுது, அப்புறம் இன்னா?" என்றேன். காப்பி ஓடி முடிந்தது. எல்லா ஃபைலும் பெயரோடும் அளவோடும் வரிசையாக இருந்தன. "நீங்க அழிச்சிக்கலாம்" என்று பெருந்தன்மையாக உத்தரவு கொடுத்தேன். (அந்த வாயை என்ன செய்தால் தகும் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.)

அடுத்த ஞாயிறு புள்ளலூரில் சுமதியின் மாமியார் வீட்டு டிவி முன்னால் அக்கம்பக்கமெல்லாம் கூடிவிட்டது. நலங்கு ஓடியது. மாப்பிள்ளை அழைப்பு பாதியில் நின்றது. அடுத்த ஃபைல் திறக்கவில்லை. அதற்கு அடுத்ததும் திறக்கவில்லை.

"தாலி கட்றது எப்ப வரும் தம்பி?" என்றார் மாமியார்.

"வரும் அத்தை" என்றேன். எனக்கு வியர்வைதான் வந்தது. போட்டோகிராபரைக் கூப்பிட்டால், அவர் சிஸ்டத்தில் அந்த இடத்தில் வேறொரு கல்யாணம் ஏறிவிட்டதாம்.

பிறகுதான் தேடிப் படித்தேன். கம்ப்யூட்டர் எதையும் அளந்து பார்ப்பதில்லை. செருகிய சாமானிடமே "நீ எவ்வளவு பெரியவன்?" என்று கேட்டு, அது சொன்னதை வட்டம் போட்டுக் காட்டுகிறது. என் பென்டிரைவ் உண்மையில் முப்பத்திரண்டு ஜிபி, சொன்னதில் அறுபதில் ஒரு பங்குகூட இல்லை. நிரம்பிய பிறகு வந்ததையெல்லாம் தொலைத்துவிட்டு, "சேர்ந்தது" என்று கூசாமல் பதில் சொல்லியிருக்கிறது. சுமதிக்கு வரன் வந்தபோது டீக்கடை, நெல் மண்டி, மாப்பிள்ளையின் கம்பெனி கேட் வரை போய் விசாரித்த குடும்பம் நாங்கள். யோக்கியனா என்று மாப்பிள்ளையிடமே கேட்டுவிட்டு யாராவது பெண் கொடுப்பார்களா? நான் கொடுத்தேன்.

இப்போது அந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டிக்குள் எந்தச் சண்டை வந்தாலும் மாப்பிள்ளை கேட்பது ஒன்றுதான்: "நான் தாலி கட்னதுக்கு இன்னா சாட்சி? போட்டோல கூட பெரியப்பா முதுகுதான் கீது. மச்சானக் கேளு." எல்லோரும் சிரிப்பார்கள். வேறு வழியில்லாமல் நானும் சிரிப்பேன்.

போன தீபாவளிக்கும் அதே ஜோக், அதே சிரிப்பு. சுமதி என் தட்டில் இட்லி வைத்துக்கொண்டிருந்தாள்.

"தாலி கட்றப்ப நான் தலைய குனிஞ்சிக்கினு இருந்தேண்ணா" என்றாள். "நீங்கள்லாம் பார்த்தீங்க. நான் இன்னும் பார்க்கல."