சீர்வரிசைத் தட்டில் ஒரு பில்டர்

நான் பீடி, சிகரெட் தொட்டதில்லை. சீட்டாடத் தெரியாது. கிருத்திகை தவறாமல் விரதமிருந்து, மயிலம் மலையேறி முருகனைப் பார்த்த பிறகுதான் பச்சைத் தண்ணீர் குடிப்பேன். இப்படிப்பட்ட உத்தமனுக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. எதைச் செய்தாலும் நாலு பேர் பார்த்து அசந்துபோக வேண்டும். குடிகாரன் தன் வீட்டை மட்டும்தான் கெடுப்பான். இந்தப் பழக்கம் உள்ளவன் சம்பந்தி வீட்டையும் சேர்த்துக் கெடுத்துவிடுவான்.

எண்பதுகளின் நடுவில் ஒரு தை மாதம். அப்பா தவறிப்போயிருந்தார். தங்கை செல்வியைக் கரையேற்றுவது என் பொறுப்பு. எனக்கு விழுப்புரத்தில் ஓர் அரிசி மில்லில் மூட்டை எடை போடுகிற வேலை. படிப்பு எட்டாவது. (பாஸா என்று கேட்கக் கூடாது.) செல்விக்கு முதலில் பார்த்த இடம் நிச்சயம் வரைக்கும் வந்து தட்டிப்போனது. அதன்பின் மூன்று மாதம் அந்தப் பெண் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாப்பாட்டில் உப்பு இல்லையென்றாலும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுப் போவாள். அப்படியிருக்கும்போது திண்டிவனத்தில் குமரேசன் என்கிற நல்ல பையனின் வரன் அமைந்தது முருகன் போட்ட பிச்சை. அதைத்தான் நான் மீன்தொட்டிக்குள் போட்டு முக்கி எடுக்கப் பார்த்தேன்.

குமரேசனின் அப்பா ஏகாம்பரம், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டுக் கூடத்தில் ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி. உள்ளே ஐந்து தங்கமீன்கள். அதில் பெரியதற்கு மகாலட்சுமி என்று பெயர். அது வீட்டுக்கு வந்த அன்றுதான் அவருக்கு உத்தியோக உயர்வு வந்ததாம். தொட்டி மூலையில் பஞ்சும் அடுப்புக்கரியும் அடைத்த ஒரு பெட்டி. வெளியே ஒரு மோட்டார், ரப்பர் குழாய் வழியாக அந்தப் பெட்டிக்குள் காற்றை ஊதும். குமிழி கிளம்பும்போது அழுக்குத் தண்ணீர் பஞ்சு வழியாக இழுபட்டுச் சுத்தமாகும். மீனுக்கும் மூச்சு கிடைக்கும். இரண்டையும் சேர்த்து பில்டர் என்பார்கள். அந்த மோட்டார் இரும்புக் குண்டு மாதிரி இருக்கும். பன்னிரண்டு வருஷமாக நிற்காமல் ஓடுகிறது என்றார். சத்தம் மட்டும் மாவு மில் சத்தம்.

பெண் பார்த்த விஷயம் பேசப் போனபோது, அந்தச் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தி அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. "எல்லாம் சரி தம்பி, இந்தச் சத்தந்தான் கொஞ்சம் பேஜாரு" என்று சிரித்தார்.

சிரித்துச் சொன்னதை நான் உத்தரவாக எடுத்துக்கொண்டேன். நிச்சயதார்த்தத்துக்குப் பதினோரு தட்டு என்று பேச்சு. நான் பன்னிரண்டாவது தட்டில் வெற்றிலை பரப்பி, மஞ்சள் குங்குமம் வைத்து, புத்தம்புது பில்டர் ஒன்றை வைத்துக் கொண்டுபோனேன். ஆகாச நீலக் கலர். மில்லில் மூட்டைக்கு ஒரு படி குறைந்தாலும் தூக்கும்போதே கண்டுபிடிக்கிற கை என்னுடையது. அந்தக் கை, இந்தப் பெட்டி அப்பளக் கட்டு கனம்கூட இல்லை என்று சொன்னது. நான்தான், "புது மாடல்னா அப்படித்தான் இருக்கும்" என்று கைக்குப் பதில் சொன்னேன்.

சபையில் ஒரு பெரியவர் தட்டுகளை வரிசையாகப் படித்தார். "மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை ஒரு தட்டு. பழம் மூணு தட்டு..." கடைசித் தட்டில் நின்று, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "மீனுக்கு பில்டரு ஒரு தட்டு" என்றார். கூட்டம் அசந்துபோனது. நான் பிறந்த பயனை அடைந்தேன்.

சீர்ப் பொருளை மதிக்காமல் இருக்கலாமா? ஏகாம்பரம் மாமா அங்கேயே பழைய மோட்டாரைத் தன் கையால் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினார். கூடத்தில் அப்படி ஓர் அமைதி. பழையதை, வந்திருந்த பொம்மையார்பாளையத்து நண்பர் கேட்டார் என்று அப்போதே தூக்கிக் கொடுத்துவிட்டார்.

ஒன்பதாம் நாள் மில்லுக்குப் போன் வந்தது.

"தம்பி, உங்க சீரு நின்னுபோச்சி."

"மாமா, பிளக்க ஒரு தடவ..."

"எல்லாம் அமுக்கிப் பாத்துட்டேன். மீனு வாயத் தொறந்துக்கினு மேல மேல வருது. ஜல்தியா வாங்க."

மீன் சாமான் விற்ற காதர் பாயிடம் ஓடினேன். "என்னா பாய், ஒம்பது நாள்ல உயிர வுட்டுடுச்சி?"

"வோல்டேஜ் சரியில்லைங்க."

"பழசு அதே வோல்டேஜ்ல பன்னெண்டு வருசம் ஓடிச்சே?"

"அது பழைய சரக்குங்க. உள்ள செம்புக் கம்பி, காத்த ஊதற ரப்பரு செருப்பாட்டம் தடிப்பு. இப்ப வர்றதுல ரப்பரு பலூன் மாதிரி இருக்குது. வருசத்துக்கு வருசம் உள்ள கொறைச்சுக்கினே வர்றான், மேல கவரு மட்டும் ஷோக்கா போடறான்."

"தெரிஞ்சே ஏன் பாய் எனக்குக் குடுத்தீங்க?"

"எது நல்லா ஓடும்னா கேட்டீங்க? எது பாக்க நல்லா இருக்கும்னுதானே கேட்டீங்க?"

அவர் அடுத்த பெட்டியை எடுத்துக் கொடுத்தார். இது ரோஜாக் கலர். முதலாவதைவிட லேசு. நாலு நாள் ஓடியது.

மூன்றாவதை வாங்கியதும் நேராக வீட்டுக்குக் கொண்டுவந்து முருகன் படத்துக்கு முன்னால் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, கற்பூரம் காட்டினேன். உத்தரவாதச் சீட்டுக்கும் நாலு மூலையில் மஞ்சள் தடவினேன். என் மனைவி மங்கை பார்த்துக்கொண்டே இருந்தாள். "உள்ள சாமான் இருந்தாதானேங்க சாமி காப்பாத்தும்?" என்றாள். நாத்திகம் பேசாதே என்று அதட்டினேன்.

மறுநாள் காலை சம்பந்தி வீட்டில் பந்தக்கால் நடும் விசேஷம். முகூர்த்தத்துக்கு ஐந்து நாள். நானே முன்னால் போய் மூன்றாவது பில்டரை மாட்டினேன். ஓடியது. வாசலில் மூங்கிலுக்கு மாவிலை கட்டி, நவதானியம் போட்டு, எல்லாரும் கை வைத்து நிறுத்துகிற நேரம். கூடத்திலிருந்து சம்பந்தியம்மா கத்தினார்.

"ஐயோ, மகாலட்சுமி சாஞ்சிட்டாளே!"

ஓடிப் பார்த்தேன். மோட்டாரிலிருந்து தீய்ந்த வாசனை. ரோஜாக் கலர் நின்ற மூன்று நாளாகவே அரைகுறை மூச்சில் இருந்த மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. பெரிய மீன் ஒருக்களித்து மிதந்தது. சம்பந்தியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கணவரிடம் சொன்னார்:

"பந்தக்கால் நடறப்ப வூட்டு லட்சுமிக்கு மூச்சு நிக்குதுன்னா என்னாங்க அர்த்தம்? அதுவும் பொண்ணு வூட்டு சீரால. மனசு கேக்கல. கல்யாணத்த ஆவணிக்குத் தள்ளி வெச்சிக்கலாம்."

குமரேசன் தரையைப் பார்த்தான். எனக்கு செல்வியின் முகம் ஞாபகம் வந்தது. ஆவணி என்றால் தள்ளுவது இல்லை, தட்டிப்போவது என்று அவளுக்குத் தெரியும்.

கூடத்து மூலையில் சைக்கிள் பம்பு இருந்தது. அதைப் பிடுங்கி, மோட்டார்க் குழாயை அதன் வாயில் செருகி, "ஓம் முருகா போற்றி" என்று ஓர் அழுத்து அழுத்தினேன். தொட்டியில் குமிழி வந்தது! "ஓம் கந்தா போற்றி" அடுத்த அழுத்து. நூற்றெட்டு நாமம், நாமத்துக்கு ஓர் அழுத்து என்று கணக்கு. நான் சொல்லச் சொல்ல, வந்திருந்த பெண்கள் "அரோகரா" போட்டார்கள். யாரோ தொட்டிக்கு முன்னால் ஊதுவத்தி ஏற்றினார்கள். சம்பந்தியம்மாகூடக் கை கூப்பினார். நாலு பேர் பார்க்கிறார்கள். (பார்த்தீர்களா, பழைய வியாதி.) குரல் ஏறியது, கையும் ஏறியது. அறுபதாவது நாமத்துக்கு அசுரனை வதைக்கிற வேகத்தில் ஓர் அழுத்து அழுத்தினேன்.

அந்தக் காற்றைத் தொட்டிக்குள் இருந்த பஞ்சுப் பெட்டி தாங்கவில்லை. அதன் மூடி பிய்த்துக்கொண்டு, பஞ்சும் கரியும் கருப்புத் தண்ணீருமாகத் தொட்டியிலிருந்து பொங்கி எழுந்தன. ஏகாம்பரம் மாமாவின் புது வேட்டி கருப்பு. சம்பந்தியம்மாவின் அரக்குப் புடவையில் கரி. ஊதுவத்தி அணைந்தது. "அரோ..." என்று ஆரம்பித்த ஓர் அம்மாள் பாதியில் நிறுத்தினார்.

பம்போடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"மாமா, இது செல்வி குத்தம் இல்லைங்க. அவ இந்தப் பொட்டியக் கண்ணாலகூடப் பாக்கல. நாலு பேரு பாக்கணும்னு வாங்கினது நான். தள்ளி வெக்கறதுன்னா என்னத் தள்ளி வெச்சிடுங்க. கல்யாணத்துக்குக்கூட வரல. அந்தப் பொண்ணத் திரும்ப வூட்ல உக்கார வெச்சிடாதீங்க."

அழுதேன். இதைச் சொல்ல வெட்கமில்லை.

அப்போதுதான் வாசல்பக்கமிருந்து மாமாவின் தங்கை உள்ளே வந்தார். விக்கிரவாண்டியில் லாரிக்காரர்களுக்கு டீக்கடை நடத்துகிறவர். எல்லாருக்கும் விக்கிரவாண்டி அத்தை. என்னைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார்.

"மீனு செத்தா கொழம்பு வெப்பாங்க அண்ணி. கல்யாணத்தையா நிறுத்துவாங்க?"

"வாயக் கழுவு!" என்றார் சம்பந்தியம்மா.

"சரி, காத்துதானே வோணும் அதுக்கு? அதுக்கு ஏன் இந்தத் தம்பி பம்ப வெச்சிக்கினு பஜன பண்ணுது? டேய் குமரேசா, ரெண்டு சொம்பும் ஒரு தவலத் தண்ணியும் எடு."

கரித் தண்ணீரைப் பாதி மொண்டு வெளியே கொட்டினார். கிணற்றுத் தண்ணீரை விட்டார். பிறகு ஒரு சொம்பை மொண்டு, கையைத் தலைக்கு மேல் தூக்கி, ஒரு சொட்டு சிதறாமல் தொட்டிக்குள் ஊற்றினார். மறுபடி மொண்டார், மறுபடி ஊற்றினார். டீ ஆற்றுகிற அதே வீச்சு. தண்ணீரில் வெள்ளை வெள்ளையாக நுரை இறங்கியது.

"டீயில நொர வருதுன்னா உள்ள காத்து போவுதுன்னு அர்த்தம். இதுக்கு பிளக்கு வேற கேக்குதா?"

பத்து நிமிஷம். மகாலட்சுமி வாலை ஒரு தட்டுத் தட்டி நிமிர்ந்தாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். சம்பந்தியம்மா கண்ணை மூடி எதையோ முணுமுணுத்துவிட்டு, "பந்தக்கால நடுங்க" என்றார். ஏகாம்பரம் மாமா கருப்பு வேட்டியோடு என் தோளைப் பிடித்து எழுப்பினார். "பெருமைக்கு நீங்க குடுத்தீங்க, பெருமைக்கு நான் மாட்டினேன். போங்க தம்பி, மூஞ்சக் கழுவிக்கினு வாங்க."

அந்த ஐந்து நாளும் நான் மில்லுக்கு லீவு போட்டுவிட்டுத் திண்டிவனத்திலேயே கிடந்து சொம்பால் ஆற்றினேன். மாற்றி விடுகிறேன் என்று யார் வந்தாலும் விடவில்லை. இது முருகனுக்கு நான் நேர்ந்துகொண்டது என்றேன். முகூர்த்தத்தன்றும் ஆற்றிக்கொண்டிருந்தேன். பந்தலில் கெட்டிமேளம் கேட்டு ஓடுவதற்குள் தாலி கட்டியாகிவிட்டது. கல்யாணப் போட்டோ எதிலும் பெண்ணின் அண்ணன் இல்லை. நாலு பேர் பார்க்க வேண்டும் என்று நினைத்தவனுக்கு முருகன் வைத்த கணக்கு அது. மாலையோடு மாப்பிள்ளையும் செல்வியும் மீன்தொட்டி இருந்த கூடத்துக்கே வந்து என் காலில் விழுந்தார்கள். இரண்டு கையும் ஈரம். "நல்லா இருங்க" என்று சொல்ல மட்டும்தான் முடிந்தது. செல்வி நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். அத்தனை மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அவள் பல் தெரியச் சிரித்துப் பார்த்தேன்.

அதன்பின் எங்கள் இரண்டு குடும்பத்திலும் எந்தக் கல்யாணம் நடந்தாலும், பெண் வீட்டுத் தட்டு உள்ளே வரும்போது மாப்பிள்ளை வீட்டில் ஒருவராவது, "கேரண்டி கார்டு எந்தத் தட்டுல இருக்குது?" என்று கேட்காமல் விடுவதில்லை. கேட்டுவிட்டு எல்லாரும் என் பக்கம் திரும்புவார்கள்.

சில வருஷங்களுக்கு முன் செல்வியின் மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் சீர் என் கடமை. "என்னாம்மா வேணும், கூச்சப்படாம கேளு" என்றேன். "எது வேணா குடுங்க மாமா, பிளக்கு வெச்சது மட்டும் வேணாம்" என்று அந்தக் குட்டி சொல்லிவிட்டு, அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய்ச் சிரித்தது. தங்க வளையல் எடுக்கலாம் என்று மங்கையோடு நகைக்கடைக்குப் போனேன். அங்கே கடைக்காரரிடம் நான், "இது எத்தனை வருஷம் ஓடும்?" என்று கேட்டதாக மங்கை இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். யாரும் நம்ப வேண்டாம். நான் அப்படிக் கேட்கவே இல்லை.

(கேட்டேன்.)