அக்டோபரில் தப்பாக எழுதிய பரீட்சை

அன்புள்ள தம்பி வாசிலுக்கு,

அக்கா பராஸ்கா எழுதுவது. எல்லாரும் நலம் என்று ஆரம்பிப்பதுதான் மரியாதை. இங்கே யாரும் நலமில்லை, நான் ஒழுங்காகச் சாப்பிட்டு மூன்று நாளாகிறது, ஆகையால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நம் ஊர்ப் பிள்ளைகளின் பனி ஹாக்கிச் சங்கத்துக்கு நீ தலைவன் என்பதால்தான் எழுதுகிறேன். தம்பி என்பதற்காக என்றால் 1971-லேயே பேனாவை மூடியிருப்பேன்.

விஷயம் என் பேத்தி லாரிசாவின் தலை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு நீ வரவில்லை, யாரோ பன்றி வறுக்கிறார்கள் என்று போய்விட்டாய், அதனால் சொல்கிறேன். இரண்டாவது பீரியடில் பக் என்கிற அந்த ரப்பர் வட்டைத் துரத்திக்கொண்டு போனவள் இன்னொரு பெண்ணோடு மோதி, ஓரத்துப் பலகையில் தலை இடிக்க விழுந்தாள். நாலாவது வரிசையில் இருந்த எனக்கே சத்தம் கேட்டது. எழுந்தாள், நேராகச் சறுக்கிக்கொண்டு போய் எதிரணியின் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அந்த ஊர்ப் பெண்கள் நல்ல வளர்ப்பு, நகர்ந்து இடம் விட்டுத் தண்ணீரும் கொடுத்தார்கள். அரங்கமே சிரித்தது. நானும் சிரித்தேன், அதை எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

கோச் டுவேன் ஃப்ரீசன், டிராக்டர் சாமான் விற்கிறவன், கெட்டவன் இல்லை. உடனே அவளை வெளியே உட்காரவைத்தான். விதி எல்லாருக்கும் தெரிந்ததுதான். தலையில் அடி என்று சந்தேகம் வந்தாலே அன்றைக்கு ஆட்டம் முடிந்தது, டாக்டர் எழுதிக் கொடுக்கும்வரை பனியில் கால் வைக்கக்கூடாது. உன் கையெழுத்தோடு அரங்கத்து வாசலிலேயே ஒட்டியிருக்கிறது. அதன்மேல் யாரோ பழைய ஸ்கேட் விற்பனைக்கு என்று ஒரு தாளை ஒட்டியிருக்கிறார்கள், அதையும் கவனி.

வண்டியில் வரும்போது, "பாட்டி, யாரு ஜெயிச்சா?" என்றாள். "நாமதான். மூணுக்கு ரெண்டு." தானியக் கிடங்கைத் தாண்டவில்லை, "பாட்டி, யாரு ஜெயிச்சா?" மறுபடி சொன்னேன். மூன்றாம் தடவை கேட்டதும் வண்டியை ஓரங்கட்டினேன், என் புது பூட்ஸ் மேல் வாந்தி எடுத்தாள். அப்படியே நகரத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். ஐந்து மணி நேரம் உட்காரவைத்து, உள்ளே ரத்தக்கசிவு இல்லை, மூளை அதிர்ந்திருக்கிறது, ஓய்வு வேண்டும், உங்கள் டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான் ஆட்டம் என்றார்கள். நம் டாக்டரோ அடுத்த வியாழக்கிழமைதான் வருகிறார். ஃபைனல் இந்தச் சனிக்கிழமை. இவள் அந்தக் கணக்கை ஆஸ்பத்திரி வாசலிலேயே போட்டுவிட்டாள். "பாட்டி, வாந்தி எடுத்தத டுவேன்கிட்ட சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணு." களைத்துப் போயிருந்தேன். பண்ணிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை அந்தக் கம்ப்யூட்டர் பரீட்சை வைத்திருக்கிறார்கள். பன்னிரண்டு வார்த்தை காட்டி மறைப்பார்களே, எண்களைத் தலைகீழாகச் சொல்லச் சொல்வார்களே, அது. சீசன் ஆரம்பத்தில், அக்டோபரில் எழுதியதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். டுவேன் போன் பண்ணினான்.

"நல்ல சேதிங்கம்மா. அக்டோபர்ல எழுதினதவிட இப்ப நல்லாவே எழுதியிருக்கா."

"அடிபட்டதுல மூளை தெளிஞ்சிடுச்சுங்கிறியா?"

"அப்படியும் வச்சுக்கலாம்."

"அப்ப உனக்கும் ஒண்ணு போட்டுப் பாக்கலாமாப்பா?"

சிரித்தான். பிறகுதான் சொன்னான், டாக்டர் கடிதம் அப்புறம் வரட்டும், வெள்ளிக்கிழமை நானே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்று நீ சொன்னாயாம்.

அக்டோபரில் இந்தப் பெண் பன்னிரண்டு வார்த்தையில் மூன்றுதான் ஞாபகம் வைத்திருந்தாளாம். போன வருஷம் நம்மோடு ஆடிய எட்டு அணியிலும் எந்தப் பெண்ணுக்கு எந்த நம்பர் என்று ஒப்பிக்கிறவள். என் ரத்தம். எனக்கு அப்போதே சந்தேகம். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே கேட்டேன்.

"வேணும்னுதான் தப்பா எழுதினியா?"

"எல்லாரும் அப்படித்தான் பாட்டி. மொதல்ல மட்டமா எழுதிட்டா, அடிபட்டப்புறம் எழுதறது ஒத்துப்போயிடும். பெரிய பொண்ணுங்க சொல்லிக் குடுத்தாங்க."

"எத்தன பேரு?"

"கோல்கீப்பர் தவிர எல்லாரும். அவ நெசமாவே மட்டமா எழுதிட்டா."

ஆக உன் அலமாரியில் இருக்கிற அத்தனை மார்க்கும் பொய், வாசில். டுவேனிடம் சொல்லமாட்டேன் என்றுதான் சத்தியம் செய்தேன். உன்னிடம் சொல்லமாட்டேன் என்று செய்யவில்லை.

1959 மார்ச் மாதம், உனக்குப் பதினொரு வயது. உறைந்த குட்டையில் ஆடும்போது பக் உன் நெற்றியில் பட்டது, தலையில் கம்பளித் தொப்பிதான். வீட்டுக்கு வந்து அம்மாவை "டீச்சர்" என்று கூப்பிட்டாய். "தூங்கி எந்திரிச்சா சரியாப் போயிடும்" என்றார் அப்பா. மறுநாளே நீ குட்டைக்கு ஓடினாய், மறுபடி விழுந்தாய். அதற்கப்புறம் வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கினாய், கடைக்குப் போனால் எதற்கு வந்தோம் என்று நின்றாய். 1971 ஜூன் 12, என் கல்யாணத்தில் எல்லார் முன்னாலும் வைக்கிற சடங்கு ரொட்டியைக் கொண்டுவர வேண்டியவன் வரவே மறந்துபோனாய். மாமியார் வீட்டார் முன்னால் வெறும் தட்டோடு நின்றேன். அந்தத் தட்டை இத்தனை வருஷம் தூக்கிக்கொண்டு திரிகிறேன். இந்த மூன்று நாளாகத்தான் தோன்றுகிறது, கோபத்தைத் தப்பான ஆள்மேல் வைத்துவிட்டேனோ என்று. மன்னித்துவிட்டேன் என்று சந்தோஷப்படாதே. யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நீ கையெழுத்துப் போடக்கூடாது. போட்டால், சனிக்கிழமை பனியைச் சமப்படுத்தும் வண்டிக்கு முன்னால் மடக்கு நாற்காலி போட்டு உட்காருவேன். அதை ஓட்டுகிறவன் உன் மருமகன், அவனுக்கு என்னைக் கண்டால் பயம். சமாதானம் பேச என் வீட்டுப் படி ஏறாதே.

உன் மனைவிக்கு என் விசாரிப்பு, அவள் கொடுத்த ஊறுகாய் உப்பு. கடவுள் உன் முழங்காலையும், முக்கியமாக உன் வலது கையையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
அக்கா பராஸ்கா

பி.கு.: உறையை ஒட்டும்முன் லாரிசா வந்து பிடுங்கிக்கொண்டாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எழுத்தெல்லாம் ஓடுது பாட்டி, நீயே படி" என்றாள். நாலாம் வகுப்போடு நின்றவள் நான், எட்டாவது படிக்கிறவளுக்கு என் கிறுக்கலைப் படித்துக் காட்டினேன். அவளே டுவேனுக்குப் போன் போட்டாள். "அக்டோபர்ல நான் பொய்யா எழுதினேன். தலை வலிக்குது. சனிக்கிழமை வரல." அப்புறம் மூன்று தடவை "சரி" என்றாள். இப்போது திரையை இழுத்துவிட்டுப் படுத்திருக்கிறாள், அழுகிறாள்.

ஆகவே மேலே எழுதிய எதையும் நீ செய்யவேண்டாம். சனிக்கிழமை நான் அவளோடு இருட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். நீ ஆட்டத்தை முதலிலிருந்து பார்த்துவிட்டு, நேரே இங்கே வந்து அவளுக்குச் சொல்லு. பின்வாசலைத் திறந்து வைக்கிறேன், சத்தம் போடாமல் ஏறி வா. யார் அடித்தது, யார் பாஸ் கொடுத்தது என்று ஒவ்வொரு கோலாகக் கேட்பாள். தாளில் எழுதிக்கொண்டு வா.