எக்செல் தெரியும் சார்

வணிகவியல் படித்து முடித்தவர்களில் 'எக்செல் தெரியும் சார்' என்றோர் இனம் உண்டு. தேடிப் போக வேண்டாம். ஏதாவது ஒரு கல்லூரி வாசலில் நின்று பத்துப் பேரின் பயோடேட்டாவை வாங்கிப் பாருங்கள். படிப்பு, அப்பா பெயர், பொழுதுபோக்கு என்று கிரிக்கெட்டும் பாட்டுக் கேட்பதும், இவையெல்லாம் வந்து போன பிறகு, கையெழுத்துக்குச் சற்று மேலே, தடித்த எழுத்தில் அந்த இனத்தின் முத்திரை இருக்கும்: எம்.எஸ். எக்செல் – மிக நன்று. இந்த மதிப்பெண்ணைப் போட்டது யார்? அவரேதான்.

ஆளைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. வேலை செய்ய விட்டுப் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் முதலில் எல்லாக் கட்டங்களுக்கும் கோடு போடுவார். தலைப்புக்கு மஞ்சள். மொத்தம் வருகிற இடத்துக்குப் பச்சை. முக்கியமானவற்றுக்குச் சிவப்பு, அவருக்கு எல்லாமே முக்கியம் என்பதால் கொஞ்ச நேரத்தில் திரை ஆடித்தபசுத் திருவிழாப் பந்தல் மாதிரி ஆகிவிடும். அப்புறம் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, மேசை டிராயரை மெல்ல இழுத்துக் கால்குலேட்டரை எடுப்பார். திரையில் இருக்கிற எண்களை ஒவ்வொன்றாக அதில் தட்டிக் கூட்டி, வந்த விடையைக் கொண்டுபோய்த் திரும்பவும் திரையில் தட்டுவார். கூட்டுவதற்கென்றே பிறந்த இயந்திரத்துக்குத் தானே கூட்டிக் கொடுக்கிற இந்தக் கருணை வேறு யாரிடம் உண்டு?

சங்கரன்கோவிலில், ராஜபாளையம் சாலையில் ஒரு நைட்டிக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது ஆடிட்டர் சுந்தரராஜின் அலுவலகம். அங்கே சேர்ந்த இசக்கித்துரை இந்த இனத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு. குருவிகுளம் பக்கத்துப் பையன். அவனுடைய நேர்முகத் தேர்வு முழுவதையும் கீழே தருகிறேன்.

"எக்செல் தெரியுமாலே?"

"தெரியும் சார்."

"நல்லாத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும் சார்."

பொய் சொன்னான் என்று சொல்லிவிடாதீர்கள். கல்லூரியில் மூன்று பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். ஒருவன் மவுஸைப் பிடிப்பான், ஒருவன் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து வாசிப்பான், மூன்றாமவன் பின்னால் நின்று "அங்கன அமுக்குலே" என்பான். இசக்கித்துரை மூன்று வருடமும் மூன்றாமவன். வடம் பிடிக்காதவன் தேரே பார்க்கவில்லை என்று நாம் சொல்லிவிட முடியுமா?

ஆடிட்டர் ஒரு மாதம் தவணை கொடுத்திருந்தார். சரிப்பட்டால் வேலை. சரிப்படாவிட்டால் திருப்பூர், அங்கே மாமாவின் பனியன் கம்பெனியில் மடித்து அட்டைப்பெட்டியில் வைக்க ஆள் தேவையாக இருந்தது. மாமா வாரத்துக்கு இரண்டு முறை போன் செய்து, "எப்போ அனுப்புத?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். "பனியன் மடிக்கதுக்கு எதுக்குலே மூணு வருசம் படிச்ச?" என்று அவன் அம்மா பேச்சி ஒரே ஒரு முறைதான் கேட்டாள். அந்தக் கேள்விக்கு முப்பது நாளுக்குள் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

பக்கத்து மேசை சுகிர்தா. இவனுக்கு ஒரு வருடம் முன்னால் படித்து முடித்தவள். எக்செல் தெரியும் என்று அவள் யாரிடமும் சொல்லி இவன் கேட்டதில்லை. ஐந்தரை ஆனால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள், அவ்வளவுதான். ஒரு முறை இவன் இரண்டு பட்டியல்களை வைத்துக்கொண்டு, இதில் இருப்பது அதில் இருக்கிறதா என்று இரண்டு நாளாகத் திரையில் விரல் வைத்துத் தேடிக்கொண்டிருந்தான். அவள் எட்டிப் பார்த்தாள். ஒரு கட்டத்தில் ஒரே ஒரு வரி எழுதினாள், கீழே இழுத்தாள். விடுபட்ட நாலு பெயரும் தனியே வந்து நின்றன. வாங்கி வைத்த டீ ஆறவில்லை. இசக்கித்துரை, புற்றுக்குள் பாம்பைக் கண்டவன் மாதிரி மனசுக்குள் கும்பிட்டுவிட்டு நகர்ந்தான். கிட்டே போய் எப்படி என்று கேட்டிருக்கலாமே? கேட்டிருக்கலாம். ஆனால் கேட்டால், தெரியாது என்பது தெரிந்துவிடும். இந்த இனத்தின் துயரமே இதுதான்.

"என்ன இசக்கி, சாயமெல்லாம் போட்டாச்சா? கோலம் ஒண்ணுதான் பாக்கி" என்றாள் சுகிர்தா ஒரு நாள்.

"பாக்கதுக்கு எடுப்பா இருக்கட்டுமேன்னு..."

"எடுப்பாத்தான் இருக்கு. சந்தேகம்னா கேளுங்க, சொல்லுதேன்."

"இல்ல, தெரியும்."

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். முதல் நாள் செய்து வைத்ததில் கை வைக்க அவனுக்குப் பயம். அதனால் ஒவ்வொரு காலையிலும் அதையே புதுப் பெயரில் இன்னொன்றாகச் சேமித்துக்கொண்டுதான் தொடங்குவான். அவன் கம்ப்யூட்டரில் ஒரே வாடிக்கையாளர் பட்டியல் 'கடைசி', 'கடைசி 2', 'சரியான கடைசி', 'சார் பார்த்த கடைசி', 'உண்மையான கடைசி' என்று வம்சம் விருத்தியாகி இருந்தது.

இருபத்தெட்டாம் நாள் மத்தியானம் ஆடிட்டர் கூப்பிட்டார். வாடிக்கையாளர் பட்டியலில் நூற்று நாற்பது பேர், வந்து சேர்ந்த வரிசையில் இருந்தார்கள். ஒரு கட்டத்தில் பெயர், பக்கத்துக் கட்டத்தில் அவர் கொண்டுவர வேண்டிய காகிதம்.

"பேரையெல்லாம் ஏபிசிடி வரிசையில அடுக்கு. பொறவு ஆபீஸ் செல்லுல இருந்து ஆளுக்கு ஆளு வாட்ஸப்ல அனுப்பிரு, இன்னின்ன கொண்டு வாங்கன்னு. என்ன, தெரியும்லா?"

"தெரியும் சார்."

ஐந்தரைக்குக் கிளம்பிய சுகிர்தா அவன் திரையைப் பார்த்து நின்றாள். "அடுக்கும்போது பக்கத்துக் கட்டத்தையும் சேத்து..."

"தெரியும்" என்றான்.

அவள் போய்விட்டாள். இவன் பெயர் இருக்கிற வரிசையை மவுஸால் மேலிருந்து கீழாகப் பிடித்து நீலமாக்கி, அடுக்கு என்று அமுக்கினான். ஒரு பெட்டி முளைத்தது. உள்ளே நாலு வரி ஆங்கிலம், ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு சின்ன வட்டம். பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து அடுக்கவா, அல்லது நீ பிடித்திருப்பதை மட்டும் அடுக்கவா என்று கேட்டது. இசக்கித்துரை யோசித்தான். கையில் இருக்கிற வேலை பெயர்களை அடுக்குவது. பக்கத்துக் கட்டம் தன் பாட்டுக்குச் சும்மா இருக்கிறது. அதை எதற்கு வீணாக இழுக்க வேண்டும்? அடக்கமான பையன். கீழ் வட்டத்தை அமுக்கினான்.

பெயர்களெல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் அழகாக வரிசையில் நின்றன. காகிதங்கள் நின்ற இடத்திலேயே நின்றன. அவன் பெயர்களுக்கு இளம் ரோஜா நிறம் பூசிவிட்டு, ஒவ்வொருவருக்காகச் செய்தி அனுப்ப உட்கார்ந்தான்.

மறுநாள் காலை அலுவலகத்தைத் திறப்பதற்கு முன்பே போன் அடித்துக்கொண்டிருந்தது. முதலில் உரக்கடை ராமசுப்பு.

"ஆடிட்டரே, மதுரையில எனக்கு வீடு இருக்காம்லா?"

"வீடா? என்ன அண்ணாச்சி சொல்லுதீங்க?"

"நீருதாம்வே சொல்லியிருக்கீரு. மதுரை வீட்டு வாடகைப் பத்திரத்தக் கொண்டு வான்னு. வீட்டுக்காரி போனப் புடுங்கி வாசிச்சுட்டா. மதுரை வீட்டுல யாரு இருக்கான்னு கேக்கா. காலையில இருந்து அடுப்புப் பத்தவைக்கல. நீரே பேசும்."

போன் கை மாறியது. அவர் மனைவி சுப்புத்தாய்.

"யம்மா, அப்படி வீடே கிடையாதும்மா. தப்பா வந்துட்டு" என்றார் ஆடிட்டர்.

"இல்லாத வீட்டுக்கு எதுக்குப் பத்திரம் கேட்டீங்க?"

ஆடிட்டர் போனை வைத்தார். அடுத்து கடையநல்லூர் ஜவுளிக்கடை மைதீன் பாட்சா. நிதானமான மனிதர். "டிராக்டர் ஆர்.சி. புக் கேட்டிருக்கீங்க. துபாயில இருக்க மவன் சொல்லாம கொள்ளாம வாங்கிட்டானோன்னு அவனை எழுப்பிக் கேட்டேன். இல்லைங்கான். வண்டி எங்கன நிக்குதுன்னு சொன்னீங்கன்னா நானே வந்து ஓட்டிட்டுப் போயிருதேன்."

பதினோரு மணிக்குள் முப்பது போன். சுந்தரராஜ் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிட்டு இசக்கித்துரையின் மேசைக்கு வந்தார். ரோஜா நிறத்தைப் பார்த்தார்.

"எக்செல் நல்லாத் தெரியும்னு சொன்னியேலே."

'தெரியும் சார்' தொண்டை வரை வந்தது. இருபத்தொன்பது நாள் பழகிய வார்த்தை, கூப்பிடாமலே வரும். அதன் பின்னால் திருப்பூரும், மாமாவும், மடிக்காத பனியன் மலையும் தெரிந்தன. இன்று மறைத்தாலும் நாளை இன்னொரு பெட்டி முளைக்கத்தானே போகிறது?

"தெரியாது சார்" என்றான். ஆரம்பித்துவிட்டதால் நிறுத்த முடியவில்லை. "கூட்டக்கூடத் தெரியாது சார். கால்குலேட்டர்ல கூட்டித்தான் போட்டேன்."

 ஆடிட்டர் ஏனோ திரையை இன்னொரு முறை பார்த்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார்.

"பழசு வச்சிருக்கீங்களா?" என்றாள் சுகிர்தா. அவன் காட்டினான். வம்சம் முழுவதையும் மேலிருந்து கீழாகப் பார்த்தவள், சிரிப்பை அடக்கிக்கொண்டு 'உண்மையான கடைசி'யைத் திறந்தாள். அடுக்குவதற்கு முந்தைய பட்டியல், அவரவர் காகிதம் அவரவர் பக்கத்தில், ரோஜா நிறம் பூசாமல் இருந்தது. "நல்ல வேளை, உங்களுக்குப் பயம் இருந்துச்சு" என்று நாற்காலியை நகர்த்தி இடம் விட்டாள். "மவுஸை நீங்க பிடிங்க."

"நானா?"

"நீங்கதான். ம், அங்கன அமுக்குங்க. பெட்டி வருதா? மேல் வட்டம். பக்கத்துக் கட்டமும் சேந்து வரணும்லா?"

மூன்று விநாடி. பெயரோடு காகிதமும் கைபிடித்துக்கொண்டு நகர்ந்தது. "இன்னொரு தடவை செய்யட்டுமா?" என்று கேட்டு, கலைத்துவிட்டு, நாலு தடவை செய்தான். கூட்டுவதையும் கேட்டான். வண்ணம் பூச மறந்துபோனான். பிறகு இருவரும் நூற்று நாற்பது பேருக்கும் மன்னிப்போடு சரியான செய்தி அனுப்பினார்கள். சுப்புத்தாயிடம் மட்டும் ஆடிட்டர் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

சாயங்காலம் ஆடிட்டர் கூப்பிட்டார். திருப்பூர் பஸ் எத்தனை மணிக்கு என்று யோசித்துக்கொண்டே உள்ளே போனான் இசக்கித்துரை.

"கதவைச் சாத்துலே."

சாத்தினான். ஆடிட்டர் மேசையில் கம்ப்யூட்டர் இவன் பக்கம் பாதி திரும்பி இருந்தது. திரையில் மஞ்சள், பச்சை, சிவப்பு. டிராயர் சரியாக மூடவில்லை. உள்ளே பெரிய பொத்தான் வைத்த கால்குலேட்டர் ஒன்று படுத்திருந்தது.

"திங்கக்கிழமையும் வந்துரு. மாசாமாசம் சம்பளம் வாங்கிக்கோ" என்றார். இவன் நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள் குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பெட்டி வருதுல்லா. அதுல மேல் வட்டமா, கீழ் வட்டமா?"

"மேல் வட்டம் சார்."

"தெரியும்" என்றார் ஆடிட்டர். "ஒனக்குத் தெரிஞ்சிருக்கான்னு பாத்தேன்."

நீங்கள் சிரிப்பது தெரிகிறது. சிரியுங்கள், நல்லதுதான். ஆனால் போகிற போக்கில் ஒரு சின்னச் சந்தேகம். சுகிர்தா ஒரு கட்டத்தில் ஒரே வரி எழுதிக் கீழே இழுத்து, விடுபட்ட நாலு பெயரைத் தனியே எடுத்தாளே, அது என்ன வரி?

வேண்டாம், சொல்ல வேண்டாம். வாய் திறந்ததுமே தெரிந்துவிட்டது, என்ன சொல்ல வந்தீர்கள் என்று.