ஆன் தி வே சொன்ன கேளையாடு

ஒரு காட்டில் செல்போன் டவர் வந்தது. டவரோடு சிக்னல் வந்தது, சிக்னலோடு இங்கிலீஷ் வந்தது. முழு இங்கிலீஷும் வரவில்லை. அதற்கெல்லாம் யாருக்குப் பொறுமை? நேரத்தைப் பற்றிப் பேச வேண்டிய அளவுக்கு மட்டும் வந்தது. 'ஜஸ்ட் ஃபைவ் மினிட்ஸ்', 'ஆன் தி வே', 'ரைட் நவ்', 'இன் நோ டைம்' என்று சில துண்டுகள். அவற்றை வைத்துக்கொண்டே அந்தக் காட்டு மிருகங்கள் ஓகோவென்று வாழ்ந்தன.

அதற்கு முன்னால் எல்லாம் நேரத்துக்கு வந்துகொண்டிருந்தன என்று நினைத்துவிடாதீர்கள். அப்போதும் தாமதம்தான். ஆனால், 'வெயில் ஏறுறதுக்குள்ள வந்துடறேன்' என்று சொல்லிவிட்டு வெயில் இறங்கியபின் வந்து நின்றால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. பொய் சொன்னாய், வாக்குத் தவறினாய் என்று பரம்பரையையே இழுத்துத் திட்டுவார்கள். இங்கிலீஷில் சொன்னால் அந்தத் தொல்லை இல்லை. 'ஆன் தி வே' என்றவரைப் போய்ப் பொய்யர் என்று எந்த வாயால் சொல்வது? தமிழில் சொன்னால் அது வாக்கு. இங்கிலீஷில் சொன்னால் அது ஒரு மரியாதை, அவ்வளவுதான்.

கேட்பவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. அவர்களிடம் ஒரு கணக்கு இருந்தது. 'ஆன் தி வே' என்றால் ஆசாமி இன்னும் எழுந்திருக்கவே இல்லை. 'ஜஸ்ட் ஃபைவ் மினிட்ஸ்' என்றால் இனிமேல்தான் குளிக்கப் போக வேண்டும். 'இன் நோ டைம்' என்று யாராவது சொல்லிவிட்டால் அவரை அன்றைக்கு எதிர்பார்க்கவே வேண்டாம். பால்குடி மறப்பதற்குள் குட்டிகள்கூட இதைக் கற்றுக்கொண்டன. சொல்பவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும் என்பதால் அந்தக் காட்டில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. விவரம் புரியாமல் சொன்ன நேரத்துக்குப் போய் நிற்கிறவர் மட்டும் விருந்து வீட்டில் சருகு கூட்டிக்கொண்டிருப்பார். அவருக்கு அது வேண்டியதுதான்.

இந்தக் காட்டில் மருக்கொழுந்து என்றொரு கேளையாடு இருந்தது. மான் இனத்தில் சின்னது, பயந்த சுபாவம், கால் மட்டும் காற்று. சொக்கன் என்ற கருமந்தி ஒருநாள் நெல்லி விருந்துக்கு எல்லோரையும் அழைத்திருந்தது. மருக்கொழுந்துவும் கிளம்பியது. நடந்துகொண்டே சொக்கனுக்கு 'ஆன் தி வே' என்று செய்தி தட்டியது. அது உண்மையாகவே வழியில் இருந்துகொண்டு அந்த வார்த்தைகளைச் சொன்னது வாழ்நாளில் அன்றுதான் முதல் தடவை. பழக்கமில்லாத வேலை செய்தால் இப்படித்தான் ஆகும். கண் திரையில் இருந்தது, கால் உண்ணிச்செடிப் புதரில் போனது. புதருக்குக் கீழே எந்தக் காலத்திலோ யாரோ வெட்டிப்போட்ட குழி. தொபுக்கென்று உள்ளே விழுந்தது.

எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனால் குழி ஆழம். மருக்கொழுந்து உடனே போனை எடுத்து சொக்கனைக் கூப்பிட்டது.

"தம்பி, நான் குழில விழுந்துட்டேன்பா!"

"என்னக்கா சொல்றீங்க? நீங்க வீட்டுலதானே இருக்கீங்க?"

"ஆன் தி வேன்னு போட்டிருந்தேனே."

"அதான்கா, அதனாலதான் வீட்டுல இருப்பீங்கன்னு நினைச்சேன்."

வழியில் இருப்பதை நிரூபிக்க மருக்கொழுந்து குழிக்குள்ளிருந்து ஒரு படம் எடுத்து அனுப்ப வேண்டியதாயிற்று. படத்தைப் பார்த்ததும் சொக்கன் பதறிப்போனது. அந்தப் பதற்றத்தில் பொய்யே இல்லை. "ஐயையோ அக்கா! கவலப்படாதீங்க, நல்ல கொடியா பாத்து அறுத்துட்டு ரைட் நவ் வர்றேன்" என்றது. போனில் நெல்லிக்காய் கடிக்கும் சத்தம் மட்டும் நின்றபாடில்லை.

அடுத்து வேலாயுதம் என்ற யானைக்குப் போன் போட்டது. தும்பிக்கையை ஒரு தடவை உள்ளே விட்டால் வேலை முடிந்துவிடும்.

"அண்ணே, குழில விழுந்துட்டேன். எங்க இருக்கீங்க?"

"கெளம்பிட்டேன்மா. ஜஸ்ட் ஃபைவ் மினிட்ஸ்" என்றது யானை. பின்னால் தண்ணீர் சளசளவென்று கொட்டியது.

மருக்கொழுந்து கோபப்படவில்லை. யானை குளிக்கிறது என்றால் பொழுது சாய வந்துவிடும். கணக்கு சரியாகத்தான் இருந்தது. குழியின் ஒரு பக்கத்தில் தடித்த வேர் ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. அதில் காலை ஊன்றி, முட்டி மோதினால், ஏறிவிடலாம் போலவும் இருந்தது. முழங்கால் சிராய்க்கும், வலிக்கும். அண்ணன்தான் வருகிறாரே, எதற்கு வீணாக என்று வேரை விட்டுவிட்டது.

இதற்குள் சொக்கன் ஓர் உதவி செய்தது. காட்டு வாட்சப் குழுவில் அந்தப் படத்தைப் போட்டு, 'அக்கா குழியில். ப்ளீஸ் ஹெல்ப். அர்ஜென்ட்' என்று எழுதியது. உடனே கும்பிடும் கைகள் வந்தன, அழும் முகங்கள் வந்தன, முள்ளம்பன்றி ஒரு மெழுகுவர்த்தி அனுப்பியது. அந்தக் குழுவில் புலியும் இருந்தது. புலியை நீக்க வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. யார் நீக்குவது என்பதுதான் தீராத பிரச்சினை.

புலி தானே கூப்பிட்டது. அதன் பெயர் ராஜமாணிக்கம்.

"நியூஸ் பாத்தேன்மா. வெரி சாரி" என்றது புலி. "நீ அங்கயே இரு. நான் இன் நோ டைம் வந்துடறேன்."

மருக்கொழுந்துவுக்கு நாலு காலும் வெடவெடவென்று நடுங்கின. நடுங்கி முடித்ததும் புத்தி வேலை செய்தது. இன் நோ டைம்! போன கோடையில் இதே ராஜமாணிக்கம் சேற்றில் மாட்டிய காட்டுப்பன்றியிடமும் இதையேதான் சொன்னது. பன்றி மெல்லக் கரையேறி, வேறு மலைக்குக் குடிபெயர்ந்து, சம்பந்தமும் பேசி முடித்தபிறகுதான் புலி அந்தச் சேற்றுக்கு வந்து சேர்ந்தது. "சரிங்க சார், பொறுமையாவே வாங்க" என்று சொல்லிவிட்டு மருக்கொழுந்து போனை வைத்தது. நண்பர்களும் தாமதம், எதிரியும் தாமதம் என்றால் பயப்பட என்ன இருக்கிறது? நாகரிகம் என்றால் இதுதான் என்று எனக்கும் ஒரு கணம் தோன்றத்தான் செய்கிறது.

அப்போது குழியின் விளிம்பில் ஒரு முகம் தெரிந்தது. செந்நாய். டவர் எட்டாத அடுத்த மலைக்காரன். போன் கிடையாது, மோப்பம் பிடித்து வந்திருந்தது. குழியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தது.

"ஒத்தையா எறங்குனா நானும் மாட்டிக்குவேன்மா" என்றது செந்நாய். ரொம்ப மரியாதையான பேச்சு. "போயி எங்க ஆளுகளக் கூட்டிட்டு வர்றேன். அவிங்க வந்தா ரெண்டு பேரு மேல நின்னு பாத்துக்குவாங்க, மத்தவங்க எறங்கிடுவோம்."

மருக்கொழுந்து வழக்கமான கேள்வியைக் கேட்டது. "எப்போ வருவீங்க?"

செந்நாய் அண்ணாந்து பார்த்தது. குழிச்சுவரில் வெயில் சரிந்துகொண்டிருந்தது. "இந்த நெழலு அந்த வேரத் தொடுறதுக்குள்ள வந்துருவேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி ஓடியது.

மருக்கொழுந்து நிழலைப் பார்த்தது. நிழலுக்கும் வேருக்கும் நடுவே கொஞ்சம்தான் இடைவெளி. பிறகு கணக்குப் போட்டது. நிழல் தொடுவதற்குள் என்றால் எப்படியும் நாளைக் காலை. அதற்குள் ஊர்ப் பேச்சு பேசி, ஆள் திரட்டி, ஒருவருக்காக ஒருவர் காத்திருந்து, கடைசியில் ஒருவர் வரவில்லை என்று நாளைக்குத் தள்ளிவைப்பார்கள். அண்ணன் குளித்தே முடித்துவிடுவார். வேரில் ஏறிப் பார்ப்போமா என்று மறுபடியும் தோன்றியது. முழங்காலை நினைத்ததும் வேண்டாம் என்று ஆனது. காலை மடித்து உட்கார்ந்து அசைபோடத் தொடங்கியது.

அடப்பாவி, ஏறித் தொலையேன் என்று கத்த வேண்டும் போலிருக்கிறது. கதை சொல்கிறவன் கத்தினால் கதைக்குள் கேட்பதில்லை.

நிழல் வேரைத் தொட்டது. விளிம்பில் வரிசையாக முகங்கள் வந்து நின்றன.

மருக்கொழுந்து தலையைத் தூக்கி அவர்களைப் பார்த்தது. வேரைப் பார்த்தது. மறுபடியும் அவர்களைப் பார்த்தது. பயம் வருவதற்கு முன் அதற்கு வந்தது ஆச்சரியம். ஆச்சரியத்தில் கண்ணே கலங்கிவிட்டது. பிறந்ததிலிருந்து ஒருவரும் தன்னிடம் சொன்ன நேரத்துக்கு வந்து நின்றதில்லை.

"சொன்ன நேரத்துக்கே வந்துட்டீங்களே!" என்றது தழுதழுத்த குரலில். "எப்படிங்க?"

"பசிக்குதும்மா" என்றது செந்நாய்.

அதற்குப் பிறகு பொழுது சாய்ந்தது. வேலாயுதம் பளபளவென்று குளித்துவிட்டு வந்து குழிக்குள் தும்பிக்கையை விட்டுத் துழாவியது. கையில் போன் மட்டும் கிடைத்தது. 'ரீச்ட்' என்று குழுவில் போட்டது. சொக்கன் கொடியைச் சுமந்துகொண்டு வந்து, குழியைப் பார்த்து, உட்கார்ந்து வாய்விட்டு அழுதது. மனசாரத்தான் அழுதது, அதில் குறை சொல்ல முடியாது. ராஜமாணிக்கம் இன்னும் வழியில் இருந்தது.

மறுநாள் இரங்கல் கூட்டம். 'ஃபைவ் ஓ க்ளாக் ஷார்ப்' என்று குழுவில் அறிவிப்பு வந்தது. வழக்கம்போல இருட்டும் நேரத்தில் எல்லாம் வந்து சேர்ந்தன, புலி தலைமை தாங்கியது, நேரத்தின் அருமையைப் பற்றி நெடுநேரம் பேசியது. இதெல்லாம் தெரியாத வெளியூர் முயல் ஒன்று மட்டும் சரியாக ஐந்து மணிக்கே போய்விட்டதாம். யார் வாயிலோ சேதி கேள்விப்பட்டு செந்நாய்களும் ஐந்து மணிக்கு வந்திருந்தன. அந்த முயலை அதன்பிறகு யாரும் பார்க்கவில்லை.

நீதி: பசியில்லாதவர் யாரும் சொன்ன நேரத்துக்கு வருவதில்லை. ஆகவே ஒருவர் சொன்ன நேரத்துக்கே வந்து கதவைத் தட்டினால், திறக்க வேண்டாம். 'ஜஸ்ட் ஃபைவ் மினிட்ஸ்' என்று உள்ளிருந்து குரல் கொடுத்துவிட்டுப் பின்வாசல் வழியாக ஓடிவிடுங்கள்.